"அது சாதிப் படமுங்க தம்பி!"

தோழர்களே,

கோவையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நல்ல சினிமா பார்க்கிறவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் கூட்டம். அன்றைய பேச்சு: ஆளுக்குப் பத்துப் படம். பிடித்த கலைப்படங்கள் ஐந்து, பிடித்த வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் ஐந்து. எங்களில் நான்கு பேர் போயிருந்தோம். அதில் மூவர் கல்லூரி மாணவர்கள்.

ஒவ்வொருவராக எழுந்து பட்டியல் வாசித்தார்கள். பதேர் பாஞ்சாலி, சாருலதா, பைசைக்கிள் தீவ்ஸ், டோக்கியோ ஸ்டோரி. அந்தப் பக்கம் காந்தி, பாரதி, ராமானுஜன், ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட். எல்லாம் நல்ல படங்கள்தான். நாங்களும் பார்த்தவை, அழுதவை.

எங்கள் மாணவன் முறை வந்தது. 'சேத்துமான்' என்றான். 'ஃபன்றி' என்றான். 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' என்றான். கூட்டத்தில் ஒரு சின்ன அமைதி. நடத்துகிறவர் நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது சாதிப் படமுங்க தம்பி. நாம இங்க சினிமாவப் பத்தியில்லைங்க பேசீட்டிருக்கறம்."

பிறகு டீ வந்தது. அதே மனிதர் அக்கறையோடு கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊருங்க?" அவன் சொன்னான். "ஊருக்குள்ளயே வீடுங்களா, தள்ளியா?" கொங்கு நாட்டில் பிறந்த யாருக்கும் இந்தக் கேள்விக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. அவன் டீயைக் கையில் வாங்காமலே, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டான்.

அந்த மனிதரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் பெயரோ, கூட்டத்தின் பெயரோ நமக்குத் தேவையில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பதில் தேவை. ஏனென்றால் இதைப் படிக்கும் உங்களில் பலர் ஏதாவது ஒரு கல்லூரி சினிமா கிளப்பில், ஏதாவது ஒரு திரையிடலில், ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் இதே வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டுப் பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். நாங்களும் வந்திருக்கிறோம்.

சாதிப் படம் என்றால் எது?

பதேர் பாஞ்சாலியிலிருந்தே தொடங்குவோம். அப்புவின் அப்பா ஹரிஹர் யார்? புரோகிதம் பார்க்கும் பிராமணர். அந்த வீட்டின் வறுமை ஒரு பிராமணக் குடும்பத்தின் வறுமை. 1955இல் வந்த அந்தப் படத்தை இன்றுவரை யாராவது 'பிராமணப் படம்' என்று சொல்லி நாம் கேட்டிருக்கிறோமா? இல்லை. மனிதகுலத்தின் படம் என்கிறார்கள். சரி, நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். துர்கா செத்தபோது எங்கள் வீட்டுப் பிள்ளை செத்ததாகவே எங்களுக்குத் தொண்டை அடைத்தது. அவள் என்ன சாதி என்று கேட்டுவிட்டு நாங்கள் அழவில்லை.

எங்கள் கேள்வி இதுதான். ஹரிஹரின் வறுமை மனித வறுமை என்றால், சேத்துமானில் கூடை முடையும் பூச்சிக் கிழவனின் வறுமை மட்டும் ஏன் சாதி வறுமை ஆகிறது? துர்காவுக்கு நாங்கள் அழலாம் என்றால், பூச்சியின் பேரன் குமரேசனுக்கு நீங்கள் ஏன் அழக்கூடாது?

இன்னும் கிட்டே வருவோம். 1990களில் கோபிச்செட்டிபாளையத்திலும் பொள்ளாச்சியிலும் கேமராவை வைத்து எத்தனை படம் எடுத்தார்கள்! சின்ன கவுண்டர், எஜமான், நாட்டாமை. ஒரு படத்தின் தலைப்பிலேயே சாதிப் பெயர் நிற்கிறது. மற்ற இரண்டின் தலைப்பிலும் அந்தச் சாதிக்கு ஊர் தந்திருக்கும் அதிகாரம் நிற்கிறது. அவற்றை யாரும் சாதிப் படம் என்று சொன்னதில்லை. 'கிராமத்துப் படம்', 'குடும்பப் படம்' என்றார்கள். அந்தக் கிராமத்தில் நாங்களும்தான் இருந்தோம். வயலில் இருந்தோம், மாட்டுக்கொட்டகையில் இருந்தோம், செத்த மாட்டைத் தூக்கினோம், பறை அடித்தோம். படத்தில் கைகட்டி நிற்கும் கூட்டத்தில் ஒரு தலையாக இருந்தோம். தீர்ப்புச் சொல்கிறவருக்கு முகம் இருந்தது, தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு போகிறவருக்கு முதுகு மட்டும்தான் இருந்தது.

ஆக, மேலே இருக்கிறவர் தன் சாதியைப் பெருமையாகச் சொன்னால் அது பண்பாடு. கீழே இருக்கிறவர் தனக்கு நடந்ததைச் சொன்னால் அது சாதிப் படம். இந்தக் கணக்கைப் போட்டது சினிமா ரசனை அல்ல தோழர்களே. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஓடும் அதே கோடுதான் இங்கேயும் ஓடுகிறது.

"கலை எங்கே?" என்ற கேள்விக்கு

அடுத்து ஒரு வாதம் வரும். "விஷயம் நியாயம்தான், ஆனா கலையா இல்லையே. பிரசாரமா இருக்கே." இதையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம். பிரசாரமாக மட்டும் நிற்கும் படங்கள் நம் பக்கமும் உண்டு. அதற்காக எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டித் தூக்கி எறிய முடியாது.

சேத்துமான் 2022இல் வந்தது. பெருமாள்முருகனின் 'வறுகறி' கதையை வைத்து இயக்குநர் தமிழ் எடுத்தது. நீலம் தயாரிப்பு. திரையரங்குக்கு வரவில்லை, நேராக ஓடிடிக்குப் போனது. அந்தப் படத்தில் ஒருவர்கூட மேடை ஏறிப் பேசுவதில்லை. வெள்ளையனுக்குப் பன்றிக்கறி மேல் ஆசை. வீட்டில் மனைவி சமைக்கவிட மாட்டாள். ஊருக்குத் தெரிந்தால் கேவலம். தொலைக்காட்சியில் ஒரு தலித் குடியரசுத் தலைவராகும் செய்தி ஓடுகிறது. கறிக்கு அலைகிறவன் ஒருவன், பன்றியைப் பிடித்து வெட்டிக் கொடுக்கிற கை இன்னொருவனுடையது, இழிவு மட்டும் அந்தக் கைக்குப் போகிறது. கொங்கு நாட்டின் முழுப் பொருளாதாரத்தையும் ஒரு பங்குக்கறியில் வைத்துக் காட்டுகிற படத்தில் கலை இல்லை என்றால், கலை என்று எதைத்தான் தேடுகிறீர்கள்?

மராத்தியில் நாகராஜ் மஞ்சுளே 2013இல் எடுத்த ஃபன்றியும் பன்றியைப் பற்றியதுதான். கைக்காடி மொழியில் ஃபன்றி என்றாலே பன்றி. குடும்பமே பன்றியைத் துரத்திக்கொண்டு ஓடும்போது பள்ளியிலிருந்து தேசிய கீதம் கேட்கிறது. எல்லாரும் அசையாமல் நிற்கிறார்கள். பன்றி ஓடிவிடுகிறது. ஒரு வசனம் இல்லை. கடைசியில் அந்தப் பையன் எறியும் கல் நம்மை நோக்கியே வருகிறது. 2014இல் வந்த சைதன்ய தாம்ஹணேயின் 'கோர்ட்' வெனிஸ் விழாவில் விருது வாங்கியது. ஒரு தலித் பாடகர் மீது போடப்பட்ட அபத்தமான வழக்கு எப்படி வாய்தா வாய்தாவாக நகர்கிறது என்பதை அவசரமே இல்லாமல் காட்டுகிறது. அந்தப் பாடகராக நடித்த வீரா சாத்திதார் நிஜத்திலும் அம்பேத்கரிய இயக்கத்துக்காரர். மெதுவான படம்தான் கலைப்படம் என்றால், இதைவிட மெதுவாக யார் எடுப்பது?

இன்னொன்று. கூட்டத்தில் சத்யஜித் ராயின் பெயரைச் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் 1981இல் தூர்தர்ஷனுக்காக அவர் எடுத்த 'சத்கதி'யை ஒருவர்கூடச் சொல்லவில்லை. பிரேம்சந்தின் கதை. மகளின் நிச்சயத்துக்கு நாள் குறிக்கக் கேட்டுப் பிராமணர் வீட்டுக்குப் போகிறான் துக்கி. வெறும் வயிற்றோடு விறகு பிளக்க வைக்கிறார்கள். அங்கேயே செத்து விழுகிறான். போலீஸ் வரும், பிணத்தை எடுக்காதீர்கள் என்று கோண்டு சாதியைச் சேர்ந்த ஒருவர் சேரிக்குப் போய்ச் சொல்கிறார். யாரும் எடுக்க வராததால், கடைசியில் அந்தப் பிராமணரே காலில் கயிற்றை மாட்டி, தொட்டுவிடாமல் இழுத்துப் போய்ச் செத்த மாடுகள் கிடக்கும் இடத்தில் போடுகிறார். ஓம் புரியும் ஸ்மிதா பாட்டிலும் நடித்த படம். ராயைக் கும்பிடுகிறவர்கள் ராய் எடுத்த இந்தப் படத்தை மட்டும் ஏன் மறந்துபோகிறார்கள்? ராய்க்கு இல்லாத கூச்சம் ராயின் ரசிகர்களுக்கு எங்கிருந்து வருகிறது?

யாருடைய வாழ்க்கை வரலாறு?

இப்போது வாழ்க்கை வரலாற்றுப் படங்களுக்கு வருவோம். அன்று எங்கள் கணக்குப்படி அதிகம் பேர் சொன்னது ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி'. 1982. எட்டு ஆஸ்கர். மூன்று மணி நேரத்துக்கும் மேலே ஓடும். அதில் அம்பேத்கர் என்று ஒரு பாத்திரமே கிடையாது. 1932 பூனா ஒப்பந்தம் கிடையாது. காந்தியின் லண்டன் பயணம் உண்டு, ஆனால் அந்த வட்டமேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து வாதாடிய ஆள் கிடையாது. ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல அவரோடு மோதிய மிகப் பெரிய எதிர்வாதியை அழித்துவிட்டுச் சொன்ன படத்தை 'வரலாற்றுப் படம்' என்கிறோம். உலகமே பார்த்தது.

ஜப்பார் படேல் எடுத்த 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' 1998ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த நடிகர் விருதை மம்முட்டிக்கு வாங்கித் தந்தது. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பங்கு உள்ள படம். தமிழ் பேசி அது திரையரங்குக்கு வந்தது எப்போது? 2010 டிசம்பரில். பன்னிரண்டு வருடம். அதுவும் தானாக வரவில்லை. உயர் நீதிமன்றப் படி ஏறிக் கேட்டும், முற்போக்கு எழுத்தாளர்கள் ஊர் ஊராகப் பேசியும் வந்தது. காந்தியைப் பார்க்க நாம் வழக்குப் போட வேண்டியிருந்ததா?

சரி, நம்மவர் வாழ்க்கையைத் தமிழ் சினிமா எடுக்கவே இல்லையா என்றால், எடுத்தது. பேசும்படம் பிறந்த கையோடு எடுத்தது. 1935இல் 'பக்த நந்தனார்'. நந்தனாராக நடித்தவர் நம் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்று இன்றும் பேசுவார்கள். 1942இல் ஜெமினி மறுபடி எடுத்தது, தண்டபாணி தேசிகர் நடித்தார். கதை நமக்குத் தெரியும். ஆதனூர் நந்தனுக்குச் சிதம்பரத்துக்குள் போக ஆசை. போகலாம். ஆனால் தீயில் இறங்கி, இந்த உடம்பை எரித்துவிட்டு, வேறு உடம்போடு போக வேண்டும். பெரியபுராணத்திலேயே தீ உண்டு. நந்தனை ஆட்டி வைக்கும் பண்ணையார் வேதியரை 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் சேர்த்தார். சினிமா இரண்டையும் வைத்துக்கொண்டது. நாங்கள் நாங்களாகவே உள்ளே போகும் காட்சியை யாரும் எழுதவில்லை.

அந்தக் காட்சி இல்லாமலா இருக்கிறது? இதே கோவையில் இருக்கிறது.

இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்கு நம் தரப்பில் போனவர். 'காந்தி' படம் காட்டாமல் விட்ட இன்னொரு ஆள். அவர் படித்தது கோயமுத்தூரில். 1939இல் வெளியிட்ட தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் அந்த நாட்களைச் சில வரிகளில் சொல்கிறார். கல்லூரியில் ஏறக்குறைய நானூறு மாணவர்கள். பத்துப் பேரைத் தவிர எல்லாரும் பிராமணர்கள். யாரோடாவது பழகினால் ஊர் எது, வீடு எது, சாதி எது என்று கேட்டுவிடுவார்களே என்று பயந்து, வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு விட்டதும் யாரும் கூட வந்து சேராதபடி வேகவேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார்.

இதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிப் பாருங்கள். மணி. காலியான வாசல். கடைசியாக உள்ளே நுழையும் ஒரு பையன். மாலையில் தெருவில் எல்லாருக்கும் முன்னால் ஏறக்குறைய ஓடும் அதே பையன். ஒரு வாழ்க்கை வரலாற்றுப் படத்துக்கு இதைவிட நல்ல முதல் காட்சியை உலகத்தில் எந்த இயக்குநராலும் கற்பனை செய்ய முடியுமா? இந்த நகரத்தில்தான் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் கட்டினார். சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இங்கேதான் இருந்தன. நூறு வருடத்துக்கு மேலாகச் சினிமாவோடு வாழும் நகரம், தன் தெருவில் ஓடிய அந்தப் பையனை இன்னும் படம் எடுக்கவில்லை.

பொல்லானையும் எடுக்கவில்லை. தீரன் சின்னமலையோடு நின்று கும்பினிப் படையை எதிர்த்த அருந்ததியர் வீரன். சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். பொல்லானின் பெயரைச் சொல்ல வைக்கவே நம் இயக்கங்கள் வருடக்கணக்கில் தெருவில் நிற்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்துக் கணக்கு

மற்றவர்களை மட்டும் கேட்டால் போதாது. நம்மையும் கேட்டுக்கொள்வோம்.

2023இல் 'மாமன்னன்' வந்தது. மாரி செல்வராஜ் சேலம் பக்கத்து மண்ணில் வைத்து, காசிபுரம் என்ற தனித்தொகுதியின் எம்.எல்.ஏ.வை நாற்காலியில் உட்காரவிடாத கதையைச் சொன்னார். கிணற்றில் குளித்த குற்றத்துக்குக் கல்லால் அடித்துக் கொல்லப்பட்ட சிறுவர்களைக் காட்டினார். நாம் என்ன செய்தோம்? முதல் நாள் விசில் அடித்தோம், ஸ்டேட்டஸ் வைத்தோம், அடுத்த படத்துக்குப் போய்விட்டோம். ஓடிடியில் வந்ததும் ஆதிக்கச் சாதி இளைஞர்கள் வில்லன் ரத்தினவேலுவைத் துண்டு துண்டாக வெட்டி, சாதிப் பாட்டைப் பின்னால் ஓட்டி, அவனையே நாயகன் ஆக்கினார்கள். படத்தை எடுத்தவர் ஒரு அர்த்தம் வைத்தார், வெட்டி ஒட்டியவர்கள் வேறு அர்த்தம் ஏற்றினார்கள். படம் முடிந்த பிறகு உட்கார்ந்து பேசும் வேலையை நாம் செய்யாததால் அந்த இடம் காலியாக இருந்தது. காலி இடத்தில் அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது, நம்மவர் எடுத்தார் என்பதற்காகவே ஒரு படத்தைக் குறை சொல்லாமல் விடுகிறோம். பெண்கள் அந்தப் படங்களில் எங்கே, அழுவதற்கு மட்டுமா வருகிறார்கள் என்று கேட்பதில்லை. 'தலித் சினிமா' என்று பேசும்போது அதில் அருந்ததியர் எங்கே, கொங்கு நாட்டுக் காலனி எங்கே என்று நமக்குள் கேட்டுக்கொள்வதில்லை. 2017இல் திவ்யபாரதி 'கக்கூஸ்' எடுத்தார். ஒரு பெண், தனியாக நின்று, மலம் அள்ளும் தொழிலாளர்களின் சாவுகளைப் பெயர் பெயராகச் சொன்ன ஆவணப்படம். காவல்துறை ஊர் ஊராகத் திரையிடலைத் தடுத்தது, அவர் மீது வழக்குகள் போட்டது. கடைசியில் யூடியூபில் விட்டார். சினிமா ரசிகர்கள் பட்டியலில் அது இல்லாததைக் கேட்கிறோம். நம் பட்டியலில் இருக்கிறதா?

ஏன் இது வெறும் ரசனைச் சண்டை இல்லை

"ஒரு பட்டியலுக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்கலாம். கோபம் பட்டியலுக்காக இல்லை.

2019 டிசம்பர் 2 அதிகாலை. மேட்டுப்பாளையம் நடூர். தனியார் வீட்டைச் சுற்றி எழுப்பிய உயரமான மதில் மழையில் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த நம் மக்கள் 17 பேரைக் கொன்றது. நியாயம் கேட்டுக் கூடியவர்களுக்குத் தடியடியும் கைதும் கிடைத்தன. 2015இல் கோகுல்ராஜ். 2016இல் உடுமலை பஸ் நிலையத்தின் அருகே, பட்டப்பகலில், கேமரா பார்த்துக்கொண்டிருக்க, சங்கர். உடுமலைக் கொலையின் சிசிடிவி காட்சியை இந்த நாடே பார்த்தது. பார்த்தவர்களில் எத்தனை பேர் சங்கரை ஒரு மனிதனாகப் பார்த்தார்கள்? அவன் என்ன படித்தான், எதற்குச் சிரித்தான், என்னவாக ஆசைப்பட்டான்? ஒரு கேமரா நம் சாவைப் பதிவு செய்யும். நம் வாழ்க்கையைப் பதிவு செய்ய இன்னொரு கேமரா வேண்டும். வாழ்க்கை வரலாறு என்பது அதுதான். யாருடைய வாழ்க்கை படமாகத் தகுந்தது என்று ஒரு சமூகம் நினைக்கிறதோ, அவருடைய சாவுக்குத்தான் அது பதறும். மற்றவை செய்தியின் ஓரத்தில் எண்ணிக்கையாகப் போகும். 17 பேர் என்று.

ஆகவே தோழர்களே, சில வேலைகள்.

ஒன்று, உங்கள் காலனிச் சமுதாயக் கூடத்தில் மாதம் ஒரு படம் போடுங்கள். ஒரு புரொஜெக்டரும் வெள்ளை வேட்டியும் போதும். சேத்துமானில் தொடங்கலாம், சத்கதியைப் போடலாம். பதேர் பாஞ்சாலியையும் போடுங்கள். அதுவும் நம்முடையதுதான், யாரிடமும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டு, படம் முடிந்ததும் எழுந்து போகாதீர்கள். அரை மணி நேரம் பேசுங்கள். இந்தக் கதையில் யாருக்கு முகம் இருக்கிறது, யாருக்கு முதுகு மட்டும் இருக்கிறது என்று கேளுங்கள். முதலில் பெண்கள் பேசட்டும்.

மூன்று, உங்கள் கையில் போன் இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்குத் துடைப்பத்தோடு கிளம்பும் அம்மாயியை, தோல் பதனிட்ட, பறை கட்டிய, பண்ணையில் கிடந்த அப்பாரை உட்கார வைத்துக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் சொல்லும் மொழியிலேயே. இன்னும் பத்து வருடத்தில் அந்தக் குரல்கள் இருக்காது.

நான்கு, அந்தக் கூட்டங்களுக்குத் திரும்பப் போங்கள். கோபித்துக்கொண்டு விலகினால் இடம் அவர்களுக்கே மிச்சம். நாங்களும் அடுத்த மாதம் போகிறோம். எங்கள் மாணவன் முதலில் வரமாட்டேன் என்றான். சீனிவாசனின் அந்தச் சில வரிகளை அவனுக்குப் படித்துக் காட்டினோம். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, அவரும் என்னையாட்டமே ஓடித்தான் வந்தாருங்களா?"

ஆமாம் தம்பி. ஓடித்தான் வந்தார். பிறகு லண்டன் வரைக்கும் போய் உட்கார்ந்து பேசினார்.

அடுத்த முறை பட்டியலைச் சொல். ஊர் எது என்று கேட்டால் ஊரைச் சொல், தள்ளித்தான் இருக்கிறது என்றும் சொல், ஏன் தள்ளி இருக்கிறது என்று திருப்பிக் கேள். டீயைக் குடித்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு வா.

ஜெய்பீம்.